யாக்கோபு சொன்ன நேரம்

எலப்புள்ளியில் ஜோஸ் முதலாளியின் லாரி ஆபீசில் எந்த டிரைவரும் உண்மையான நேரத்தைச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. "அரை மணியில வந்துருவேன்" என்றால் ஆள் இன்னும் பல் விளக்கவில்லை என்று அர்த்தம். "வாளையார் தாண்டிட்டேன்" என்றால் வாளையாருக்கு வெகு தூரம் முன்னால் எங்கோ பரோட்டா தின்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். போனும் கையுமாக உட்கார்ந்து வண்டிகளை ஏவிவிடுகிற பூமாரிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். வடகரப்பதியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போகிறவள். பதினோரு வருஷமாக டிரைவர் சொல்கிற நேரத்தோடு இரண்டு மணியைக் கூட்டித்தான் கம்பெனிக்காரர்களுக்குச் சொல்வாள். ஒருநாளும் பிசகியதில்லை.

அவள் மட்டும் லேசுப்பட்டவளா? "லோடு ரெடி, உடனே போங்க" என்று அவள் சொன்னால், சாவகாசமாகக் குளித்துச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுப் போகலாம். இரண்டு பக்கமும் பொய்தான், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த பொய். அதனால் யாருக்கும் சேதமில்லாமல் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் டிரைவராக வந்து சேர்ந்தான் யாக்கோபு.

மூணாறு தாண்டிச் சின்னக்கானல்காரன், இருபத்தெட்டு வயசு. அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் எடுக்கிற நேரத்துக்கு, ஐந்து நிமிஷம் பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது, திரும்பிப் போக வேண்டியதுதான். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குப் பத்து மணி என்றால் பத்து மணி. போதாக்குறைக்குப் பொய் சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும். கனரக வண்டி லைசென்ஸ் வாங்குவதற்கு முன் மாமனாரின் ஜீப்பைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் கியர் மாற்றும்போதெல்லாம் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து "ச்சொ, ச்சொ" என்பார். செத்தாலும் அந்த ஜீப்புக்குத் திரும்பக் கூடாது என்று வைராக்கியமாக மலை இறங்கி வந்திருந்தான்.

ஜோஸ் முதலாளி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். "மூணு ட்ரிப் பார்ப்பேன். மூணுலயும் புகார் வந்துச்சுன்னா சாவிய வச்சிட்டுப் போயிரணும்."

முதல் ட்ரிப்பில் பத்து மணிக்கு வருகிறேன் என்றான், பத்துக்கே போய் நின்றான். பூமாரி வழக்கம்போல இரண்டைக் கூட்டிப் பன்னிரண்டு என்று கம்பெனிக்குச் சொல்லியிருந்தாள். இறக்குகிற இடத்தில் வேறொரு லாரி நின்றது. இவன் வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, கம்பெனி மேலாளரின் கார் வெளியே போக முடியவில்லை. அது ஒரு புகார்.

இரண்டாவது ட்ரிப்பில் பூமாரி "லோடு ரெடி" என்றாள். பாவி மனுஷன் உடனே போய்விட்டான்! லோடு ரெடியாகவில்லை. காத்திருந்தவனிடம் சூப்பர்வைசர் வந்து, "காலையிலயே கிளம்பிருச்சுன்னு சொன்ன உங்க இன்னொரு லாரி எங்கய்யா?" என்று கேட்டார். "அது எங்க ஆபீஸ் முத்தத்துலதான் சார் நிக்கிது" என்றான் யாக்கோபு. அது இரண்டாவது புகார்.

அன்று சாயந்திரம் பூமாரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க தம்பி, உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணுனனுங்க?"

"உண்மையத்தானக்கா சொன்னேன்?"

"அதாந் தம்பி வெனையே! எல்லாரும் சொல்ற மாதிரி நீங்களும் ஒரு பொய்யச் சொல்லுங்க. மிச்சத்த நான் கூட்டிக்கறேன். கடைசி ட்ரிப்புங்க, பாத்துக்கங்க."

பக்கத்தில் நின்ற பெரியமுத்து என்கிற டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாக்கோபுக்கு அழுகை வராத குறை.

மூன்றாவது ட்ரிப் அவன் ஊருக்கே அமைந்தது. சின்னக்கானலில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலையைக் காயவைக்கிற டிரையரின் மோட்டார் எரிந்துபோனதால், புது மோட்டாரை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்பினான். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு தாண்டி மறையூரில் வண்டியை ஓரம் கட்டியபோது பன்னிரண்டு மணி. வண்டியில் ஜிபிஎஸ் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மலையில் ஏறிவிட்டால் அது ஒரு வளைவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். போன் அடித்தது.

"எத்தன மணிக்குங்க தம்பி போய்ச் சேருவீங்க?"

யாக்கோபு கணக்குப் போட்டான். மனசுக்குள் இருந்தது மூன்றரை. "ஒன்னரைக்குப் போயிருவேன்க்கா" என்றான். காது ஜிவ்வென்று சூடேறியது.

"தம்பி, இது நெசமா, இல்ல நான் சொல்லிக் குடுத்ததுங்களா?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான்க்கா."

"அய்யோ சாமி! இன்னிக்கு மட்டும் நெசத்தச் சொல்லுங்க. அங்க ஃபேக்டரியப் பாத்துக்கற டீமேக்கர் சந்தனம் அண்ணன் லைன்ல நிக்கறாருங்க. காலைல பறிச்ச கொழுந்து பூராக் குமிஞ்சு கெடக்குதாம். மோட்டார் நாலுக்குள்ள வந்தா வச்சிருப்பாராம். இல்லீன்னா இப்பவே டிராக்டர்ல ஏத்தி வேற ஃபேக்டரிக்கு அனுப்போணுமாம். வச்சிருந்து நீங்க வரலீன்னா அத்தனையும் வெந்து வீணாப் போயிரும்."

யாக்கோபுக்குக் குமிந்து கிடக்கிற கொழுந்து கண் முன்னால் வந்தது. அது யார் யார் கை பறித்தது என்றுகூட அவனுக்குத் தெரியும்.

"மூன்றரை அக்கா. சாப்பாட்டையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டாள். "லாரிக்காரன் மூன்றரைன்னா அஞ்சரைன்னு சிரிக்கறாருங்க அந்த அண்ணன். இந்தத் தம்பி அப்படியில்லீங்கன்னு சொல்லி வச்சிருக்கறேன். பதினோரு வருசத்துல ஒரு டிரைவருக்காக நான் இப்படிச் சொன்னதே இல்லீங்க. மானத்த வாங்கிறாதீங்க."

யாக்கோபு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வண்டியை எடுத்தான்.

மூணாறு வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. தேவிகுளம் தாண்டி கேப் ரோடு என்கிற மலைச்சாலையில் ஏறினால், அடக் கடவுளே! மூடுபனியைப் படம் பிடிக்க வந்தவர்கள் சாலையின் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்திவிட்டு, நடுவில் நின்று கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்தான். கையை ஆட்டி அவனையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். மணி இரண்டே முக்கால்.

இறங்கி ஓடினான். வேறு வழி தெரியாமல் தொண்டை கிழியக் கத்தினான். "யானை! யானை வருது! வண்டிய எடுங்க!"

அந்தப் பக்கத்தில் யானை வருவது அதிசயமில்லை. நம்பினார்கள். நம்பியதுதான் வினை. காருக்குள் உட்கார்ந்திருந்தவர்களும் போனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். "எங்கண்ணா? எந்தப் பக்கம்?" என்று தொப்பி போட்ட ஒருவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று நாளாக யானையைத் தேடி அலைகிறாராம்.

யாக்கோபுக்குக் காது நெருப்பாக எரிந்தது. "யானையும் இல்ல, ஒன்னும் இல்ல சார். பொய் சொல்லிட்டேன். மூன்றரைக்கு இந்த மோட்டார் போகலன்னா எங்க சனம் காலையில பறிச்ச கொழுந்து பூரா குப்பைக்குப் போகும். என் வேலையும் போயிரும். எங்க மாமனார் ஜீப்புக்குத்தான் நான் திரும்பணும். உங்களக் கெஞ்சிக் கேக்கேன்."

தொப்பிக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, திரும்பி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்! அவரே நடுரோட்டில் நின்று போலீஸ்காரரைப் போலக் கையைக் காட்டி ஒவ்வொரு காராக நகர்த்தினார். கால் மணி நேரத்தில் வழி பிறந்தது. "ஆல் தி பெஸ்ட் அண்ணா! மாமனார்கிட்ட மாட்டிக்காதீங்க!" என்று பின்னால் கத்தினார்.

ஃபேக்டரி வாசலில் லாரி நுழைந்தபோது மூன்று இருபத்தேழு. சந்தனம் கடிகாரத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். மோட்டாரை இறக்கவேண்டிய ஆட்கள் டீக்கடையில் இருந்தார்கள். ஆள் அனுப்பிக் கூட்டிவந்து மாட்டி முடித்து, டிரையர் உறுமத் தொடங்கியதும் எல்லோர் முன்னாலும் போனைப் போட்டார்.

"பூமாரியம்மா, உங்க வண்டி மேல ஒரு புகார் இருக்கு."

யாக்கோபுக்கு உயிரே போய்விட்டது.

"மூணு நிமிசம் முந்தி வந்துட்டான். என் ஆளுக டீயப் பாதியில வச்சிட்டு வரவேண்டியதாப் போச்சு. இனிமே எங்க ஃபேக்டரிக்கு வேற டிரைவர அனுப்பினீங்க, நான் கேட்டத் தொறக்க மாட்டேன். உங்க மொதலாளிகிட்டயும் சொல்லியாச்சு."

அங்கே சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் யாக்கோபுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை, அப்படியே நின்று சிரித்தான்.

ஐந்து மணிக்குப் பூமாரி கூப்பிட்டபோது அவன் தன் வீட்டில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மனைவி நிமி இரண்டாவது முறை மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, வண்டி உங்களுக்குத்தானுங்க. முதலாளி சொல்லிட்டாரு. இப்ப எங்க இருக்கறீங்க?"

வேறு எந்த டிரைவராக இருந்தாலும் மூணாறு இறங்கிவிட்டேன் என்றிருப்பான்.

"வீட்ல இருக்கேன்க்கா. சோறு திங்கேன். லாரி வாசல்லதான் நிக்கிது. உடனே கெளம்பணுமா?"

அந்தப் பக்கம் பூமாரி சிரிப்பது கேட்டது.

"ஒன்னும் வேண்டாமுங்க. பொண்டாட்டி கூட இருந்துட்டு வெடிஞ்சு வாங்க. இங்க முதலாளி கேட்டா, மலையில ஒரே மூடுபனி, வண்டி நகரவே முடியலீன்னு சொல்லிக்கறேன்."

"பொய்யாக்கா? அவரு என்னையக் கேட்டா நான் என்னக்கா சொல்ல?"

"நீங்க போன எடுக்காதீங்க தம்பி. உங்களுக்கும் சேத்துச் சொல்லத்தான நான் இங்க உக்காந்திருக்கறேன்?"