ஜில் ஆடிய காலம்

அந்த இசை முதன்முதலாக ஒலித்த மதியம், மேஜையில் இருந்த சொம்புத் தண்ணீர் உறைந்து கட்டியாகிவிட்டது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த இசையைப் போட்டவள் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவள். வீடு வீடாகப் போய் கேஸ் நிரப்புவதால் கேஸ்காரி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுடைய அக்காவுக்கு உடம்பு எந்நேரமும் தணலாகக் காய்ந்தது. ஜுரம் இல்லை என்று டாக்டர்கள் சத்தியம் செய்தார்கள். ஆனால் அவள் தைக்க உட்கார்ந்தால் ஊசியில் கோத்த நூல் கருகும். கேஸ்காரி ஒரு பழைய கம்ப்ரசரின் உறுமலை போனில் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அதற்கு அடியில் தாளம் ஓடவிட்டு, சும்மா ஒரு ஆசைக்கு அக்காவின் தலைமாட்டில் வைத்தாள். பல மாதம் கண்மூடாத அக்கா, குறட்டை விட்டுத் தூங்கினாள்.

ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் மைக்செட்காரர் ஜன்னல் வழியே கேட்டுவிட்டு, அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி வாங்கிப் போனார். அவர்தான் அதற்கு ஜில் என்று பேர் வைத்தார். அந்தக் கோடைக்குள் ஆட்டக் கூடங்கள் நிரம்பி வழிந்தன. இளவட்டங்கள் ஸ்வெட்டரும் குல்லாவுமாக வந்து, வாயில் குளிர்ப்புகை பறக்க ஆடினார்கள். மீன்கடைக்காரர்கள் ஐஸ் வாங்குவதை விட்டுவிட்டு ஸ்பீக்கர் வாங்கினார்கள். ஜில் போட ஆட்கள் புற்றீசல் போலக் கிளம்பினார்கள். ஒருவர் போட்டதில் ஆலங்கட்டி விழுந்து நாலு பேருக்குத் தலை வீங்கியது. கேஸ்காரிக்கு ஊர் ஊராக அழைப்பு. பெட்டியைப் பிரிக்கவே நேரமில்லை.

எல்லாரும் எல்லா இடத்திலும் போட்டதில் குளிர் நீர்த்துப்போனது. சோப்பு விளம்பரத்தில் ஜில், லிஃப்டில் ஜில், பேங்குக்கு போன் போட்டுக் காத்திருந்தால் காதில் ஜில். முதலில் புகை நின்றது, பிறகு ஸ்வெட்டர் கழன்றது. கடைசியில் மேஜை விசிறி அளவுக்குக்கூடக் காற்று வரவில்லை. வீட்டில் இருந்த முதல் பதிவும் அப்படியே வெறும் சத்தமாகிவிட்டது.

அக்கா ஒருநாள் போன் பண்ணினாள். கோபமெல்லாம் இல்லை.

"ஊரையெல்லாம் குளிர வெச்சிட்டே. இங்க எனக்கு வேகுதுடி."

கேஸ்காரி அடுத்த பஸ்ஸில் ஏறினாள். வீட்டில் அக்கா நனைந்த துணியைப் போர்த்தியிருந்தாள்; துணியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கேஸ்காரி ஒரு வாரம் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதாள். புதுக் கம்ப்ரசர், புதுத் தாளம், எதற்கும் அக்காவின் சூடு அசையவில்லை. சலித்துப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த உறுமலைத் தன் வாயாலேயே முனகினாள். கட்டில் சட்டத்தில் விரல் தாளம் போட்டது. ஆவி அடங்கியது. அக்காவின் புருவத்தில் மெல்லியதாக வெண்பனி பூத்தது.

"இதை யாருக்கும் குடுத்துடாதே," என்றாள் அக்கா.

"குடுக்க மாட்டேன்."

மைக்செட்காரர் பதிவு பண்ணிக்கொள்ள வந்தார். கேஸ்காரி அவருக்கு டீ கொடுத்து, வெறுங்கையோடு அனுப்பிவைத்தாள். ஆட்டக் கூடங்களில் வேறு ஏதோ இசை வந்து, அதுவும் போனது. கேஸ்காரி பழையபடி கேஸ் நிரப்பப் போகிறாள், மதியம் வீட்டுக்கு வந்து முனகுகிறாள். குளிர் அந்த ஒரு கட்டிலைத் தாண்டுவதில்லை. கரண்ட் போனால் எதிர்வீட்டம்மா பால் பாக்கெட்டைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போகிறாள்.