ஒரு பக்கமாய் மெல்லுதல்

கொல்லையில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு செபாஸ்தியம்மாள் உள்ளே வந்தபோது, அவளுடைய மதியச் சாப்பாட்டை அவள் புருஷன் ஞானராஜ் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தரையில் வைத்துவிட்டுப் போன தட்டு. ரசம் ஊற்றி, பருக்கை தெரியாத அளவுக்குக் கையால் மசித்த சோறு. வெஞ்சனத்துக்கு, தொட்டால் உதிர்கிற மாதிரி வேகவிட்ட உருளைக்கிழங்கு. பக்கத்தில் சீசர் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. தட்டு, நாய் இரண்டும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று அந்த மனிதர் முட்டி வலியையும் பொருட்படுத்தாமல் குத்தவைத்திருந்தார்.

“இப்பத்தான கையும் களவுமா மாட்டுன. பாக்கெட் தீனிய ஏன் திங்க மாட்டேங்குதுன்னு பத்து நாளா மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்கேன். நீ ஒளிச்சு ஒளிச்சுச் சோத்தப் பெசஞ்சு போட்டா அது எப்பிடித் திங்கும்? இரு, கிளெமென்ட்டுக்கு அனுப்புறேன்.”

அது என் சோறு என்று சொல்ல வாயெடுத்தாள். முப்பத்தொரு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவளின் சோற்றுக்கும் நாய்ச்சோற்றுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளிடம் என்னத்தைச் சொல்வது? உள்ளங்காலிலிருந்து ஆத்திரம் ஏறியது.

“அனுப்புங்க. நல்லா வெளிச்சம் விழுகுற மாதிரி எடுத்து அனுப்புங்க” என்றாள். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

சீசர், மகன் கிளெமென்ட் வளர்த்த லாப்ரடார். ஓசூரிலிருந்து சென்னைக்கு மாற்றலானதும், அங்கே பிடித்த ஃபிளாட்டில் நாய்க்கு இடமில்லை என்று, ஆறு மாதத்துக்கு முன்னால் காரில் கொண்டுவந்து முத்தழகுபட்டி வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். கூடவே ஒரு மூட்டை பாக்கெட் தீனி. கூழாங்கல் மாதிரிக் கெட்டியான உருண்டைகள். காலையில் இவ்வளவு, சாயங்காலம் இவ்வளவு, வேறு எதையும் கண்ணில் காட்டக்கூடாது என்று அளக்க ஒரு கப்பும் வாங்கி வைத்திருந்தான். ஐந்து மாதத்துக்கு மேல் அது கடக் கடக்கென்று நன்றாகத்தான் தின்றது. இந்தப் பத்து நாளாகத்தான் இப்படி. கப்புச் சத்தம் கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். ஓர் உருண்டையை வாயில் எடுக்கும். தலையைச் சாய்க்கும். பொத்தென்று கீழே போட்டுவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஞானராஜ் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் நின்றுபோனால், மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்ப்பவர். வீட்டில் பக்கத்தில் நிற்கிற ஆள் எப்போதும் செபாஸ்தியம்மாள்தான்.

சாயங்காலம் கிளெமென்ட் வீடியோ காலில் வந்தான். “ஏம்மா, அதுக்கு உப்பு காரம் ஆகாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? ரசஞ்சோத்தப் போட்டு வச்சிருக்க. அதுவும் நாம சாப்புடுற தட்டுல.”

“நான் போடல.”

“போட்டோவப் பாத்துட்டுத்தான்மா பேசுறேன்.”

என்னத்தைப் பார்த்தானாம்? அந்தத் தட்டு அவனுடைய ஞானஸ்நானத்துக்கு வாங்கியது. விளிம்பில் அவன் பெயர்தான் பொறித்திருக்கிறது. அதே மாதிரி மசித்து அதே தட்டில்தான் அவனுக்கு மூன்று வயது வரைக்கும் ஊட்டியிருக்கிறாள். பெத்த பிள்ளைக்கே நாய்ச்சோறாகத் தெரிந்தால் கட்டினவரைச் சொல்லி என்ன? போனை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

போன வருடம் ஆகஸ்டில் செபஸ்தியார் கோயில் அசனத்தில், ஊரே பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆட்டுக்கறியில் கிடந்த எலும்பைக் கடித்து அவளுடைய வலது கடைவாய்ப்பல் பாதி உடைந்துபோனது. அன்றைக்கே அவரிடம் சொன்னாள். கிராம்பு வச்சுக்க என்றார். கிறிஸ்துமஸ் சமயத்தில் கன்னம் வீங்கியது. மறுபடியும் சொன்னாள். உப்புத்தண்ணி ஊத்திக் கொப்புளி என்றார். ஈஸ்டர் முடிந்த வாரம் மூன்றாவது தடவையாகச் சொன்னதற்குப் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அம்பத்தாறு வயசு ஆகுதுல்ல, பல்லுன்னா போகத்தான் செய்யும்” என்றார். அதோடு அவள் சொல்வதை விட்டாள். கறியை விட்டாள், முறுக்கை விட்டாள். சோற்றைக் குழைய வடித்தால் ‘என்ன இது, ஆஸ்பத்திரிக் கஞ்சியா?’ என்று அவர் முகம் சுளிக்கிறார் என்று, பதமாக வடித்துத் தன் பங்கை மட்டும் தனியாக மசித்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து இத்தனை மாதம் சாப்பிட்ட மனிதருக்கு ஒன்றுமே கண்ணில் படவில்லை.

தானே பஸ் ஏறிப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம்தான். பல் டாக்டருக்கா திண்டுக்கல்லில் பஞ்சம்? ஆனால் ‘கிளம்பு, போயிட்டு வருவோம்’ என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரட்டும் என்று ஒரு வீம்பு. அந்த ஒரு வார்த்தைக்காகப் பத்து மாதமாக வலியோடு காத்துக்கிடந்தாள்.

மறுநாள் காலையில் ஞானராஜ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உருண்டைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். “ஒன்னே ஒன்னு சாப்புடுறா தங்கம். அப்பாவுக்காக. என்னடா செய்யுது உனக்கு?”

தங்கமாம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து ‘சாப்டியா’ என்று ஒரு கேள்வி உண்டா? அப்போதுதான் சீசர் அவருக்காகவே ஓர் உருண்டையை எடுத்துத் தலையை இடது பக்கம் சாய்த்து ஒரு கடி கடித்தது. ஒரு கண் மட்டும் சுருங்கியது. உருண்டை கீழே விழுந்தது. செபாஸ்தியம்மாளின் கை தானாகத் தன் வலது கன்னத்துக்குப் போனது.

“அதுக்குப் பல்லு வலிங்க. ஒரு பக்கமாத்தான் மெல்லுது பாருங்க.”

“நாய்க்குப் பல்லுவலியாம். நீ போட்ட ரசஞ்சோத்து ருசி. பேச்ச மாத்தாத.”

அதற்கு மறுநாள் சீசர் தண்ணீரைக்கூட நக்கவில்லை. ஞானராஜ் பதறிப்போய் ஆட்டோ பிடித்தார். நாய் அவள் மடியில் தலை வைத்தால்தான் அடங்கி உட்காரும் என்பதால் அவளும் ஏற வேண்டியதாயிற்று. நாகல் நகர்ப் பக்கம் ஒரு கிளினிக். டாக்டர் பவித்ரா சின்ன வயசுப் பெண். மேஜைமேல் செபாஸ்தியம்மாள் நாயை அணைத்துப் பிடித்துக்கொள்ள, டாக்டர் தாடையைத் திறந்து, “சார், உங்க போன் லைட்ட உள்ள காட்டுங்க” என்றாள். ஞானராஜ் போனை உயர்த்திப் பிடித்துக் குனிந்து பார்த்தார். “அய்யய்யோ” என்றார்.

“கடவாப்பல்லு ஒடைஞ்சு வேர் வரைக்கும் சீழ் வச்சிருக்கு சார். இதை வச்சுக்கிட்டு எப்பிடிக் கெட்டித் தீனி திங்கும்? தூங்கியிருக்கக்கூட மாட்டான், பாவம்.”

“எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் டாக்டர்” என்றார் ஞானராஜ், வெட்கமே இல்லாமல்.

செபாஸ்தியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

“என்ன வயசு சார்? எட்டா? மனுசக் கணக்குல அம்பத்தஞ்சு, அம்பத்தாறு வரும்.”

“அம்பத்தாறெல்லாம் ஒரு வயசா டாக்டர்? அதுக்குள்ள பல்லு போகலாமா?” அவர் சீசரின் முதுகைத் தடவிக்கொடுத்தார். “மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும்னாலும் இப்பவே போறேன். வாயில்லாச் சீவன். வலிக்குதுன்னு சொல்லவா தெரியும் அதுக்கு?”

அவ்வளவுதான். செபாஸ்தியம்மாள் நாயைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

“அதுக்கு வாயில்ல. எனக்கு இருக்குல்ல?”

“என்ன சொல்ற?”

“அசனத்தன்னைக்குச் சொன்னேன். கிறிஸ்மசுக்கு மூஞ்சி வீங்கிப்போய் நின்னு சொன்னேன். ஈஸ்டருக்குச் சொன்னேன். அம்பத்தாறு வயசுல போகத்தான் செய்யும்னீக. நாய்க்குன்னா போகக்கூடாதாக்கும்?”

டாக்டர் கையுறையைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றாள். ஞானராஜ் ஒரு தடவை டாக்டரைப் பார்த்தார், ஒரு தடவை வெளியே பெஞ்சில் பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். “மெதுவாப் பேசு. ஆளுக இருக்காக.”

“இருக்கட்டும். போட்டோ புடிச்சு மகனுக்கு அனுப்புனீகளே, அந்தச் சோறு நான் திங்க வச்ச சோறு. அத விட்டா எனக்கு வேற எதுவும் எறங்காது. பத்து மாசமா அதத்தான் திங்குறேன், உங்களுக்கு நேரா உக்காந்து.”

போன் லைட்டை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. அது அவர் கையில் எரிந்துகொண்டே இருந்தது.

செபாஸ்தியம்மாள் வலது கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, வாயை அகலத் திறந்து அவருக்கு நேராக நின்றாள். சீசர் மேஜையிலிருந்து எட்டி அவள் முழங்கையை நக்கியது. வெளிச்சம் முதலில் அவள் சேலையில் விழுந்தது, பிறகு கழுத்தில், பிறகு தாடையில். உதட்டைத் தாண்டி உள்ளே போக அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவள் வாயை மூடவில்லை.