நோய் வரிசை

என் தம்பி மகளின் வலது கையை உடைத்தவன் என் மகன். ஊரார் வாயிலிருந்து வருவதைவிட, இதை நானே சொல்லிவிடுவதுதான் எங்கள் குடும்பத்துக்கு மரியாதை.

அவள் தாவர மூலக்கூறு ஆராய்ச்சியாளர். கோதுமையை அழிக்கும் துரு நோய்தான் அவளுக்குப் படிப்பு, வேலை, பேச்சு எல்லாம். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அதைப் பற்றிப் பேசிப் பேசிக் கொட்டாவி விட வைத்தவள். மேட்டில் தானாக முளைக்கும் ஒரு காட்டுப் புல்லை அந்த நோய் தொடுவதே இல்லை. அதற்குக் காரணமான மரபணுவைத் தேடிப் பிடித்து கோதுமைக்குள் கொண்டுவருவதில் அவள் இளமை முழுக்கப் போனது. கடைசிக் கலப்பில் கிடைத்த ஒரு கைப்பிடி விதை முழுவதையும், முறைப்படி அனுமதி வாங்கி, நான் கொடுத்த நிலத்தில் விதைத்திருந்தாள். அது அழிந்தால் பழைய விதையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்; அதற்கு இன்னொரு இளமை வேண்டும்.

இந்தச் சோதனையில் ஒரு வழக்கம் உண்டு. தாங்கும் பயிரை நடுவில் விதைத்து, சுற்றிலும் நோய்க்கு எளிதில் பலியாகும் ரகத்தை விதைப்பார்கள். அந்த வெளி வரிசைகளில் நோயை வேண்டுமென்றே தெளிப்பார்கள். அங்கிருந்து அது உள்ளே பாய வேண்டும். பாய்ந்த பிறகும் நடுவில் இருப்பது பச்சையாக நின்றால்தான் வெற்றி. நடுவில் கதிர்கள் பச்சையாகப் பால் பிடித்து நின்றன. ஆனால் கம்பி வேலிக்கு வெளியே நிற்பவன் கண்ணில் பட்டதெல்லாம், செங்கல் பொடி அப்பினாற்போல் இருந்த நோய் வரிசைதான்.

வேலியை ஒட்டி என் மகனின் வயல். அதிலும் துரு வந்தது. பிறகு அடுத்த வயல், அதற்கடுத்தது.

பேசித் தீர்க்க வருகிறோம் என்று அந்த வயல்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். பேச வருபவர்கள் மண்வெட்டியோடு வர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் வருவதற்குள் அவளைத் தனியே அழைத்தேன். இந்த நோய் என்னால் வரவில்லை என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போ, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் மகன் வயலிலிருந்து இலை எடுத்து அனுப்பியிருப்பதாகவும், முடிவு வராமல் எதுவும் சொல்ல முடியாது என்றும் அவள் சொன்னாள்.

வேலிக்கு வெளியே கூட்டம் நின்றது. என் மகன்தான் முன்னால்.

"டாக்டரம்மா, நேராக் கேக்கறேன். இது உன் வயல்லேர்ந்து வந்ததா இல்லையா?"

"வாய்ப்பு ரொம்பக் குறைவுண்ணா. ஆனா இல்லவே இல்லைன்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

ஆராய்ச்சிக்காரர்கள் மட்டுமே பேசும் பேச்சு அது. எழுதும் கட்டுரையில் அது நேர்மையாக இருக்கலாம். வேலியோரத்தில் அது குற்ற ஒப்புதல்.

"அவளே ஒத்துக்கிட்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அடுத்த மூச்சில் கம்பி வேலி சாய்ந்தது. நோய் வரிசையை முதலில் வெட்டினார்கள். துருத்தூள் எழும்பி முகங்களிலும் கைகளிலும் அப்ப, ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாதபடி எல்லோரும் ஒரே செம்பழுப்பானார்கள். அந்த வரிசையின் வேலை முடிந்துவிட்டது; அதோடு நின்றிருந்தால் அவளே நன்றி சொல்லியிருப்பாள். ஆனால் வெட்டிய கை நிற்கவில்லை.

நடுப்பாத்திக்கு முன்னால் அவள் தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். என் மகன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து வீசினான். முழங்கைக்குக் கீழே எலும்பு ஒடிந்த சத்தம் அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. அவள் அப்படியே மண்டியிட்டாள். அவன் மறுபடியும் ஓங்கினான். நான் கைத்தடியால் அவன் காதோடு சேர்த்து அடித்தேன். காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. யாரோ என் முழங்காலில் உதைத்தார்கள். விழுந்து எழுந்தபோது வாயில் ரத்தமும் ஒரு பல்லும் இருந்தன. அதற்குள் ஒருவன் டிராக்டரை உள்ளே விட்டிருந்தான். அது போய்த் திரும்பி, மறுபடியும் போனது. அழிக்க ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் கலைந்தார்கள்.

என் சட்டையைக் கிழித்து அவள் கையைக் கட்டினேன். அவள் இடது கையால் சேற்றைத் துழாவி, நசுங்காத கதிர்களைப் பொறுக்கி என் மடியில் போட்டாள். காரில் ஏற்றி ஆஸ்பத்திரி என்றேன்.

"முதல்ல லேப், பெரியப்பா. கை காத்திருக்கும். இது காத்திருக்காது."

பால் மணியிலிருந்து கருவை மட்டும் பிரித்து ஊட்டக்கூழில் வைத்தால், முற்றாத விதையும் முளைக்குமாம். கரு ஊசி முனை அளவுதான். அவள் இடது கையில் ஊசி. மணியை இடுக்கியால் பிடிக்கும் வேலை எனக்கு. வலியில் அவள் நெற்றி வேர்வை மேசையில் சொட்டியது. ஊசி பல முறை கருவைக் குத்திக் கெடுத்தது.

"அசையாதீங்க. மூச்சுகூட மெதுவா விடுங்க."

வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படி உத்தரவு போட்டதில்லை. நான் அசையவில்லை. தேறியவை கொஞ்சம். பிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சொந்தக்காரர்கள் வந்து குவிந்தார்கள். அவள் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னால் பையன் தப்பிப்பான், குடும்ப மானமும் நிற்கும் என்றார்கள். மருமகள் என் முன்னால் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்து, விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்குப் போகும் வழியில் அவள் இரண்டு செய்தி சொன்னாள். ஒரு குப்பியில் பச்சை முளை தெரிகிறது. இலையின் முடிவும் வந்துவிட்டது: அண்ணன் வயலில் வந்தது அவள் தெளித்த துரு இல்லை, வேறு இனம்.

"அதை எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லு" என்றேன்.

"சொல்றேன். ஒரு வயல்தான் பாத்திருக்கேன்னும் சேத்துச் சொல்வேன்."

பெஞ்சில் என் மகன் காதில் கட்டோடு உட்கார்ந்திருந்தான், பின்னால் சொந்தக்காரர்கள். இன்ஸ்பெக்டர் யார் அடித்தது என்று அவளைக் கேட்டார். குனிந்திருந்ததால் மண்வெட்டியைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்ல முடியாது என்றாள். சொந்தக்காரர்கள் மூச்சு விட்டார்கள். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடப் போனார்.

"நான் பாத்தேன். அடிச்சவன் என் மகன்."

"பெரியவரே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிச்சயமாவா?"

"சந்தேகமே இல்ல. ரெண்டாவது தடவையும் ஓங்கினான்."

என் மகன் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். சட்டைக் காலரைப் பிடித்து என்னைச் சுவரில் மோதினான். தலை பின்னால் இடித்துக் கண் இருண்டது. நீயெல்லாம் ஒரு அப்பனா என்று கேட்டான். இரண்டு போலீஸ்காரர்கள் அவன் விரல்களைப் பிரித்து இழுத்துப் போனார்கள்.

என் சட்டைப் பித்தான் ஒன்று அறுந்து தரையில் உருண்டது. கைத்தடியும் அங்கேயே கிடந்தது. அவள் இடது கையால் தடியை எடுத்துக் கொடுத்தாள். பித்தானை எடுக்க நான் குனியவில்லை.