துணைக் கார்டு

"கத்தரிக்கோல் எங்க இருக்கு அண்ணி?"

எதற்கென்று கேட்காமல் அவள் எடுத்துக் கொடுத்தாள். துக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்த பிறகு வீடு முன்பைவிடப் பெரிதாகிப் போயிருந்தது. குரல்கள் சுவரில் பட்டுத் திரும்பி வந்தன.

கொழுந்தன் சாப்பாட்டு மேசையில் இரண்டு கிரெடிட் கார்டுகளை வைத்தான். ஒன்று அவள் கணவருடையது. மற்றது அதோடு சேர்த்து அவளுக்குக் கொடுத்த துணைக் கார்டு. இரண்டையும் குறுக்கே வெட்டினான். அவள் பெயரின் பாதி மேசைக்கடியில் போய் விழுந்தது.

"அண்ணனோடது நின்னா இதுவும் நின்னுடுமாம். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. என் கார்டுல ஒரு துணைக் கார்டு வாங்கித் தர்றேன். நீங்க எது வாங்கினாலும் என் ஃபோனுக்கு மெசேஜ் வந்துடும். அண்ணன் இருந்த மாதிரியே நடக்கும்."

அண்ணன் இருந்த மாதிரி. கடையில் ஒரு ரொட்டி வாங்கினால் போதும், வாசற்படி இறங்குவதற்குள் ஃபோன் அடிக்கும்: "இப்ப என்ன வாங்கின?"

"எனக்கே ஒண்ணு வாங்கிக்கிறேன் தம்பி."

"உங்களுக்கா?" அவன் சிரித்தான். கேலியாகச் சிரிக்கவில்லை, அதுதான் சுருக்கென்று தைத்தது. "சம்பாதிக்கிறவங்களுக்கே பேங்க்ல ஆயிரம் கேள்வி கேக்குறான் அண்ணி."

அவளும் சம்பாதிப்பவள்தான். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் கட்டும் பட்டறையில் வேலை. அந்த வட்டாரத்தில் பாதிக் கிழவர்கள் அவள் செய்த பல்லால்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கல்யாணமான மாதமே மாமியார், "ஒரு குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு கணக்கு?" என்றார். அன்றிலிருந்து சம்பளம் கணவர் கணக்குக்குப் போனது. கணவர் கடையை மூடிவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அங்கேயேதான் போனது. கார்டுக்குப் பணம் கட்டும் தேதி அவருக்கு நினைவிருக்காது. அவர் சவரம் செய்யும் நேரத்தில் அவர் ஃபோனை எடுத்து அவள்தான் கட்டிவிடுவாள்.

முதல் வங்கி முடியாது என்றது. சரி, ஊரில் வேறு வங்கியா இல்லை என்று மதிய இடைவேளைகளில் அந்தத் தெருவின் ஒவ்வொரு வங்கியிலும் ஏறி இறங்கினாள். கடைசி வங்கியில் இருந்த பெண் கணினித் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, எத்தனை எடத்துல கேட்டீங்க?"

"எல்லா எடத்துலயும்தான். ஏன்?"

"ஒவ்வொரு எடத்துலயும் கேக்குறது இங்க பதிவாகும். பணமுடையில அலையுறவங்கன்னு நெனைச்சுப்பாங்க. ஏற்கெனவே உங்க பேர்ல எதுவும் இல்ல."

"கெட்ட பேரா?"

"கெட்டதும் இல்ல, நல்லதும் இல்ல. நீங்க இருக்கீங்கங்கறதுக்கே ஒண்ணும் இல்ல. துணைக் கார்டுல என்ன கட்டியிருந்தாலும் முதல் கார்டுக்காரருக்குத்தான் சேரும்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் பல் அச்சின் வெள்ளை மாவு.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "சம்பளத்த உங்க கணக்குக்கு மாத்துங்க. கொஞ்சத்த டெபாசிட்டா போடுங்க, அத வெச்சு சின்னதா ஒரு கார்டு தருவோம். கொஞ்சமா செலவு பண்ணி, தேதிக்கு முன்னாடி முழுசா கட்டுங்க. வேற எங்கயும் போய்க் கேக்காதீங்க."

சம்பளத்தைத் தன் கணக்குக்கு மாற்றச் சொன்னதும் பட்டறை முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "இத்தன வருஷம் நல்லாத்தானம்மா போயிட்டிருந்துச்சு?"

"ஆமா சார். அவருக்கு."

மழை முடிந்து வெயில் தொடங்கியபோது அவள் பெயரில் கார்டு வந்தது. அதே வாரம் கொழுந்தனும் வந்தான். அவள் எதிரே ஒரு புதுக் கார்டை வைத்தான். "சொன்ன மாதிரி வாங்கிட்டேன் அண்ணி."

அந்த நேரம் பார்த்து அலமாரியில் கணவரின் ஃபோன் அடித்தது. வாரம் தவறாமல் அதற்கு அவள் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். கொழுந்தன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். அவளுக்கு முதலில் முடியாது என்ற அதே வங்கியிலிருந்து ஒருவன். குரலில் தேன் வழிந்தது.

"சார் இருக்காங்களா? சாருக்கு எங்க பெரிய கார்டு, விண்ணப்பமே வேண்டாம். இத்தன வருஷத்துல ஒரு தேதிகூடத் தவறல. இந்த மாதிரி ஒழுங்கானவங்கள பாக்குறதே அபூர்வம் சார்."

கொழுந்தனின் கண் கலங்கியது. "எங்கண்ணன் அப்படித்தான்" என்றான் ஃபோனிடம்.

"கட்டினது நான் தம்பி" என்றாள் அவள்.

அவள் கை நீட்டி ஃபோனை வாங்கினாள். "நீங்க கேக்குறவரு செத்துப் போயிட்டாரு. நான் உங்ககிட்ட வந்து கேட்டேன். முடியாதுன்னீங்க." ஃபோனை அணைத்தாள்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்து அந்தப் புதுக் கார்டின் மேல் வைத்து, இரண்டையும் கொழுந்தன் பக்கம் நகர்த்தினாள். வெட்டியது அவன்தான்.

அவன் போன பிறகு கடைக்குப் போனாள். தன் கார்டை நீட்டி ஒரு ரொட்டி வாங்கினாள். வாசற்படி இறங்குவதற்குள் பையில் அவளுடைய ஃபோன் ஒருமுறை துடித்து அடங்கியது. வெறும் மெசேஜ். அழைப்பு எதுவும் வரவில்லை. பழக்க தோஷத்தில் கொஞ்ச நேரம் அங்கேயே காத்து நின்றாள்.

"இப்ப என்ன வாங்கின?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

"ரொட்டி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு நடந்தாள்.