ஆடப்படாத பதினேழாம் நகர்வு

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. மல்லாவி மைதானத்தில் நடைபெற்ற புத்தாண்டு விளையாட்டு விழாவில், வென்ற வெள்ளை அணி தோற்றதாக ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு பிழையானது, இன்றுவரை திருத்தப்படவில்லை. விழா அழைப்பிதழில் மூன்று ஒற்றுப்பிழைகள் இருந்தன. அவற்றைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க இயலாது.

நாங்கள் நடத்தியது போட்டியே அன்று. 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் ஒப்பரா அரங்கில், மேடையில் இசைநாடகம் நடந்துகொண்டிருக்கையில், போல் மோர்பி என்னும் அமெரிக்க இளைஞர் தனியொருவராக இரண்டு பிரபுக்களை எதிர்த்துச் சதுரங்கம் ஆடினார். அவ்விருவரும் கூடிக் கலந்து பேசியே ஆடினர். பதினேழாம் நகர்வில் தோற்றனர். இலக்கணம் கற்பித்தே முதுமையடைந்தவன் நான். மிகையான சொல் ஒன்றும் இல்லாத வாக்கியம் எத்துணை அரிது என்பதை அறிவேன். அந்த ஆட்டம் அத்தகையது. வெள்ளைக் காய்கள் ஒவ்வொன்றாக வேலைக்கு வருகின்றன. வந்தது எதுவும் சும்மா நிற்பதில்லை. அதைத்தான் மைதானத்தில் சுண்ணாம்பால் கட்டமிட்டு, மனிதரை நிறுத்திக் காட்ட விரும்பினேன்.

ஒத்திகையில் முதலில் முறையிட்டவர் கறுப்பு இராசாவாக நின்ற கடைக்காரர் பரமலிங்கம்.

"மாஸ்டர், ஆட்டம் முழுக்க நான் ஒரு அடியும் எடுத்து வைக்கேல்லை. பிறகென்னத்துக்கு எனக்கு இந்த முடி?"

"கடையிலையும் அப்பிடித்தானே அண்ணை இருக்கிறியள்," என்றார் வெள்ளை இராணியான நாகேஸ்வரி. பரமலிங்கமே முதலில் சிரித்தார்.

ஆனால், பதினாறாம் நகர்வில் இராணி வெட்டுப்படுவாள் என்று நான் சொன்னதும் நாகேஸ்வரியின் சிரிப்பு நின்றது. மாதர் சங்கத்துக்குத் தலைவி தெரிவு நெருங்கியிருந்தது. அவரை எதிர்த்து நிற்பவர் இலட்சுமி. கறுப்பு இராணியும் அவரே.

"அவா அங்கை நிமிர்ந்து நிக்க, சனத்துக்கு முன்னாலை நான் வெட்டுப்பட்டுப் போறதோ? பிறகு ஆர் மாஸ்டர் எனக்குக் கை உயர்த்துவினம்?"

"நீங்களாத்தான் போய் நிக்கிறியள், நாகேஸ்வரி. உங்களை வெட்ட அந்தக் குதிரை தன்ரை இடத்தை விடவேணும். விட்டால் எங்கடை கோட்டைக்கு வழி திறந்திடும். அடுத்த நகர்விலை இராசா முடிஞ்சார். சனம் உங்களுக்குத்தான் கைதட்டும்."

"இது உங்கடை வாக்கோ?"

"ஓம். என்ரை வாக்கு."

விழாவன்று பதினைந்து நகர்வுகள் குறைவின்றி நடந்தன. பதினாறாவதில் நாகேஸ்வரி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, எதிரணியின் கடைசி வரிசைக்குத் தனியே நடந்துபோய் நின்றார். கறுப்புக் குதிரையாகச் சைக்கிளில் நின்ற பையன் வந்து அவரை வெட்டினான். அவர் தலை குனியாமல் வெளியேறி, என்னைப் பார்த்தார். நான் கோட்டையைப் பார்த்தேன்.

அந்நேரம் பிரதம விருந்தினரின் வாகனம் வந்தது. தவில் முழங்கியது. வெள்ளைக் கோட்டையாக நின்ற சுதாஜினியை மாலைத் தட்டு ஏந்துவதற்கு அழைத்துச் சென்றார்கள். சிப்பாய்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள். பேச்சுகள் முடிந்ததும் விளையாட்டுக் கழகத் தலைவர் யோகநாதன் ஒலிவாங்கியை எடுத்தார்.

"கறுப்பிலை இராணி நிக்கிறா, வெள்ளையிலை இல்லை. ஆகவே கறுப்பு அணிக்கே வெற்றி."

நான் மேடையருகே போனேன். "இன்னும் ஒரு நகர்வு மிச்சம், யோகநாதன்."

"ஒரு நகர்வுதானே சேர், அதிலை என்ன வந்திடப் போகுது? அடுத்தது கயிறிழுத்தல். சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

கிண்ணம் இலட்சுமியின் கைக்குப் போனது.

மறுநாள் பின்னேரம் நாகேஸ்வரி என் வீட்டுக்கு வந்தார். சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில், "இராணியக்கா, குதிரை வெட்டின காயம் மாறீற்றுதோ?" என்று கேட்டார்களாம். கதிரையில் இருந்தவர், "பலகையை எடுங்கோ," என்றார்.

நின்ற நிலையில் காய்களை அடுக்கினேன். கோட்டையை அவரே எடுத்து நேரே கொண்டுபோய், கறுப்பு இராசாவின் பக்கத்தில் வைத்தார்.

"இவர் கோட்டையை வெட்டேலாதோ?"

"ஏலாது. தூரத்திலை நிண்டு எங்கடை மந்திரி அதைக் காக்குது. முன்னாலை அடி வைச்சாலும் அந்த மந்திரிதான். மற்றப் பக்கத்தை இராசாவின்ரை மந்திரியே அடைச்சுக்கொண்டு நிக்குது."

அவர் கறுப்பு இராசாவைச் சுற்றியுள்ள கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வடிவான ஆட்டம்தான் மாஸ்டர். எனக்கு விளங்கீற்றுது. பகிடி பண்ணினவைக்கு ஆர் காட்டுறது? வாற ஞாயிறு தெரிவு."

யோகநாதனிடம் மீண்டும் போனேன். "அடுத்த வருசம் பாப்பம் சேர்," என்றார். கொடுத்த வாக்கை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கும் வழக்கம் எனக்கில்லை.

ஆகவே, வாசகரே, உங்களிடம் கேட்கிறேன். ஒரு பலகையை எடுங்கள். அந்தப் பாரிஸ் ஆட்டத்தைத் தேடி, முதல் நகர்விலிருந்து ஆடுங்கள். இராணி விழுந்ததும் எழுந்து போகாதீர்கள், கோட்டையை நகர்த்துங்கள். கறுப்பு இராசா தப்புவதற்கு ஒரு கட்டமாவது உண்டா என்று நீங்களே பாருங்கள். பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் மல்லாவிச் சந்தைக்குப் போய், வென்றது யாருடைய அணி என்பதை நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.