கையால் முடுக்கிய நட்டு

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ரிஃபாய் ஆலங்குடி கடைத்தெருவில் இருந்த தன் பட்டறைக்குத் திரும்பியபோது, ஜீப் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. தரையில் எண்ணெய்த் திட்டும், ஜாக்கிக்கு அண்டக் கொடுத்த இரண்டு மரக்கட்டைகளும் மட்டும் இருந்தன.

வெயிலில் நடந்து வந்த கண் கூசலில், யாரோ வண்டியை நிழலுக்குத் தள்ளியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் அது தள்ளி மறைத்து வைக்கிற வண்டி இல்லை. பானட்டே ஆள் நெஞ்சுக்கு நிற்கும்.

பக்கத்து டீக்கடை அமராவதி பாலை ஆற்றிக்கொண்டே குரல் கொடுத்தாள். "சந்தோஷ் அண்ணன் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே. மகளும் கூட வந்துச்சு. ஒங்ககிட்டச் சொல்லலையா?"

"எப்பக்கா?"

"இப்பத்தான். அவுக குடிச்ச கிளாசு இன்னும் கழுவாமக் கெடக்கு."

ரிஃபாய் வேலை மேசையைத் திரும்பிப் பார்த்தான். அவன் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே நட்டு கழன்றுவிடாமல் செருகுகிற புது ஸ்பிளிட் பின் ஒன்று, இரண்டு காலும் நேராக, வளைக்கப்படாமல் கிடந்தது.

சந்தோஷ்குமாருக்கு ஆலங்குடிக்கு மேற்கே முந்திரித் தோப்பும் தென்னந்தோப்பும் இருக்கின்றன. மனுசனுக்கு இருந்த ஒரே கிறுக்கு, மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டுவது. போன வருசம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, உயரமான ஸ்பிரிங் பட்டைகளும் பெரிய டயர்களும் போட்டுத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பார்க்க யானை மாதிரி இருந்தது. ஆனால் அறுபதைத் தாண்டி ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் போதும், முன் சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளும். ஸ்டியரிங் கையை உதறித் தள்ளும். வண்டிக்கே வலிப்பு வந்த மாதிரி நடுங்கும். டயரை மாற்றிப் பார்த்தார், பேலன்ஸ் பார்த்தார், ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில், வளைகுடாவில் பாலைவன வண்டிகளை ஓட்டுகிறவர்களின் பட்டறையில் பல வருசம் இருந்துவிட்டு வந்தவன் என்று கேள்விப்பட்டு ரிஃபாயிடம் கொண்டு வந்து விட்டார்.

ரிஃபாய் கீழே படுத்துப் பார்த்ததுமே பிடித்துவிட்டான். உடம்பை உயர்த்தியதில் முன் அச்சின் சாய்மானம் மாறிப்போயிருந்தது. அதோடு, ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற நீளக் கம்பி படுக்கையாக இல்லாமல் ஏணி மாதிரி சரிந்து நின்றது. வண்டி குதிக்கும்போதெல்லாம் அந்தக் கம்பி சக்கரத்தைப் பிடித்து இழுத்தது. அச்சுக்கும் பட்டைக்கும் இடையில் ஆப்புத் தகடு வைத்துச் சாய்மானத்தைச் சரிசெய்தான். கம்பி படுக்கையாக வருகிற மாதிரி, கீழே தாழ்ந்த வேறு இரும்புக் கை ஒன்றைப் பொருத்தினான். கம்பியின் முனையை அந்தக் கையில் இறக்கி, நட்டைக் கையால் மட்டும் திருகி வைத்தபோதுதான் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வண்டி தரையில் நின்று எடை ஏறட்டும், வந்து ஸ்பானர் போட்டு இறுக்கிப் பின்னைச் செருகுவோம் என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். வண்டியைத் தரையில் இறக்கியவன் சாவியை எடுக்கவில்லை.

காலையில் சந்தோஷ் போனில் கேட்டபோது, "முடிஞ்ச மாதிரிதாண்ணே" என்று வேறு சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை இலுப்பூர்ப் பக்கத்துக் கரட்டில் பந்தயம். அப்பா ஓட்ட, மகள் தேவிப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுவாள். இன்று சாயங்காலத்துக்குள் வண்டியைக் கொண்டுபோய்ப் பந்தயம் நடத்துகிறவர்களிடம் சோதனைக்குக் காட்ட வேண்டும். அதற்காக வாரம் முழுக்க அவர் நச்சரித்தார். புதன்கிழமை பேச்சு தடித்து, "அவசரம்னா வேற பட்டறை பாத்துக்கங்க" என்று ரிஃபாய் சொல்லும் அளவுக்குப் போயிருந்தது.

ரிஃபாய் அவருக்குப் போன் போட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. அவருடைய மனைவி ரஞ்சிதாவைக் கூப்பிட்டான்.

"என்ன தம்பி, வண்டிய எடுத்துட்டுப் போறேன்னு சொன்னாரே?"

"அக்கா, பாப்பா நம்பருக்குப் போட்டு வண்டிய ஒடனே நிப்பாட்டச் சொல்லுங்க. இருக்குற எடத்துலயே நிக்கணும். எனக்குப் பேசச் சொல்லுங்க."

"என்ன ஆச்சு தம்பி?"

"ஸ்டியரிங் நட்டு முடுக்கலக்கா. நடுவழியில கழண்டுரும்."

போன் வைத்த சத்தம் கேட்டது.

ரிஃபாய் பின்னையும் ஸ்பானரையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தான். காதில் இயர்போன். இலுப்பூருக்குப் போகிற புதுக்கோட்டை ரோட்டில் ஏறியதும் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தான். பழைய பைக், அதற்கு மேல் போகாது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்தான். விபத்தைக் கடந்து வருகிறவர்கள் முகத்தில் அது தெரியும். தேங்காய் லாரிக்காரர் பீடி பிடித்துக்கொண்டு வந்தார். பஸ் டிரைவர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரும் கடந்து போகப் போக ரிஃபாய் ஒரு மூச்சு விட்டான்.

வம்பன் நாலு ரோட்டைத் தாண்டும்போது காதில் போன் அடித்தது. தேவிப்ரியா.

"மாமா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அம்மா என்னமோ அழுவுறாங்க. ஒண்ணும் புரியல."

அவள் பேச்சு முடியுமுன் சந்தோஷின் குரல் மேலே ஏறியது. உற்சாகமாக இருந்தது. அதுதான் ரிஃபாயை இன்னும் பயமுறுத்தியது.

"பாய்! என்ன வேல பாத்திருக்கீங்க பாய்! எம்பதுல போறேன், ஒரு உதறல் இல்ல. ரெண்டு பள்ளத்துல வேணுமின்னே எறக்கிப் பாத்தேன். வண்டி வெண்ணெ மாதிரி போகுது."

"அண்ணே, நிப்பாட்டுங்க."

"தெரியும் பாய், சொல்லாம எடுத்தேன்னு ஒங்களுக்குக் கோவம். வந்து பேசிக்குவோம். நாலு மணிக்குள்ள அங்கிட்டு காட்டணும்."

"அண்ணே! கோவமெல்லாம் இல்ல. ஸ்டியரிங் கம்பி முனையில நட்டு வெறுங் கையால திருகினது. பின் போடல. பின்னு என் சட்டப் பையில இருக்கு. அது கழண்டு விழுந்துச்சுன்னா ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இருக்காது."

பிறகு சந்தோஷ், மிக மெதுவாக, "பாப்பா, பெல்ட்டப் போடு" என்றார்.

"பிரேக்க ஓங்கி மிதிக்காதீங்க அண்ணே. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுங்க. தானா கொறையட்டும். ஸ்டியரிங்க வெடுக்குன்னு திருப்பாதீங்க. லைட்டப் போடுங்க, ஹாரன விடாம அடிங்க."

ஹாரன் காதைப் பிளந்தது. அதற்கு நடுவில் தேவிப்ரியா. "மாமா, எதுத்தாப்புல ஸ்கூல் பஸ் வருது."

"அது போகட்டும். நீங்க நேரா போங்க."

"அறுபது... அம்பத்தஞ்சு..." அவள் வேகத்தை வாசித்தாள். குரல் நடுங்கவில்லை. பந்தயத்தில் அப்பாவுக்கு வளைவு சொல்கிற அதே குரல் போலிருந்தது. "பஸ் போயிருச்சு. அம்பது."

"பாய்." சந்தோஷ் கூப்பிட்டார். "ஸ்டியரிங் ரெண்டு விரக்கட சும்மா திரும்புது. முன்ன அப்படி இல்ல."

ரிஃபாய்க்குக் கண் முன்னால் அந்த நட்டு தெரிந்தது. ஒரு மரைச் சுற்று, இன்னொரு மரைச் சுற்று என்று கழன்று கீழே இறங்குவது தெரிந்தது.

"இப்ப பிரேக்க லேசா, ரொம்ப லேசா..."

"சும்மா சுத்துது பாய்! ஒண்ணுமே இல்ல, சும்மா சுத்துது!"

ஒரு பெண்ணின் அலறல். ஆயிரம் ஓடு ஒரே நேரத்தில் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு இடி. போன் அறுந்தது.

அதற்குப் பிறகு அந்த ரோட்டில் எப்படிப் போனான் என்பது ரிஃபாய்க்கு நினைவில்லை. இரண்டு பக்கமும் தைலமரங்கள் பின்னால் ஓடின. வாய் தானாக ஓதிக்கொண்டிருந்தது, பாதியில் வார்த்தை மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கியது. ரஞ்சிதாவிடமிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்தது. எடுக்கத் துணிவில்லை. எடுத்தால் என்ன சொல்வது?

திருவரங்குளத்துக்கு முன்னால் கூட்டம் தெரிந்தது.

ரோட்டின் இடது ஓரம் நெடுகக் காயப் போட்டிருந்த நிலக்கடலையை டயர் இரண்டு கோடாக நசுக்கிக்கொண்டு போயிருந்தது. கோட்டின் முடிவில் ஜீப், மூக்கு பள்ளத்தில் இறங்க, ஒரு தைலமரத்தில் முட்டி நின்றது. மரம் சாய்ந்திருந்தது; வண்டிக்குக் கனத்த முன் பம்பர் மட்டும் நெளிந்திருந்தது. முன் சக்கரம் ஒன்று வலது பக்கமும் இல்லாமல் இடது பக்கமும் இல்லாமல், அது பாட்டுக்கு ஒரு கோணத்தில் நின்றது.

தேவிப்ரியா முழங்கையைப் பிடித்தபடி வண்டிக்கு வெளியே நின்றிருந்தாள். உயிரோடு. நிற்கிறாள். ரிஃபாய் பைக்கை ஸ்டாண்டு போடாமலே விட்டான், அது சரிந்து விழுந்தது.

"அப்பா எங்க பாப்பா?"

அவள் கையைக் காட்டினாள். சந்தோஷ் இன்னும் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. ரிஃபாயைப் பார்த்ததும் இறங்கி வந்தார், நேராக வந்து சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

"எம் புள்ள இருந்துச்சுய்யா வண்டியில! எம் புள்ள!"

ரிஃபாய் கையைத் தட்டிவிடவில்லை. "சாவிய விட்டுட்டுப் போனது என் தப்பு அண்ணே. முடிஞ்ச மாதிரின்னு சொன்னதும் என் தப்பு."

"அப்பா, விடுங்க." தேவிப்ரியா நடுவில் வந்தாள். "பட்டறையில ஆளு இல்லன்னதும் வரட்டும்னுதான் நான் சொன்னேன். நீங்கதான் நேரமில்லன்னு எடுத்தீங்க."

காலரில் இருந்த பிடி தளர்ந்தது. ஆனால் கை அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தது, எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி.

கடலைக்காரி முனியாயி தரையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலால் கடலையைக் கிளறிவிட்டுக்கொண்டு நடந்தவள், ஹாரன் சத்தத்தில் திரும்பிப் பார்த்துப் பள்ளத்தில் குதித்திருக்கிறாள். சிராய்ப்பைத் தவிர அடி இல்லை. மூச்சு திரும்பியதும் மூன்று பேரையும் சேர்த்து வைத்து ஏசினாள்.

ரிஃபாய் ரஞ்சிதாவுக்குப் போன் போட்டான். முதல் வார்த்தையாக, "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கக்கா" என்றான். அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அழுது முடிக்கும் வரை காத்திருந்தான். பிறகுதான் வண்டிக்கு அடியில் படுத்தான். கம்பி இரும்புக் கையிலிருந்து கழன்று தொங்கியது. முனை வளையவில்லை, மரை கெடவில்லை. நட்டைத்தான் காணோம். பின்னை எடுத்துக்கொண்டு வந்தவனுக்கு, நட்டு கழன்றால் நட்டும் வேண்டுமே என்று தோன்றியிருக்கவில்லை.

ரஞ்சிதா காரில் வந்து சேர்ந்தபோது, அவன் மறுபடி போனில் சொன்னபடி நட்டு கொண்டு வந்திருந்தாள். எது என்று தெரியாமல், பட்டறை மேசையில் இருந்த நட்டு டிரேயை அப்படியே, எண்ணெயோடு மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சேலை கறுத்துப்போயிருந்தது. மகளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். கணவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாலு மணிக்குள்ள போகாட்டி என்னங்க ஆயிரும்?"

அவர் போய் முனியாயிக்குப் பக்கத்தில் குனிந்து, நசுங்காத கடலையைப் பொறுக்க ஆரம்பித்தார். தேவிப்ரியாவும் போனாள்.

கூடியிருந்தவர்கள் கயிறு கட்டி வண்டியை ரோட்டுக்கு இழுத்துவிட்டார்கள். ரிஃபாய் நட்டைப் போட்டு, ஸ்பானரில் முழு எடையையும் கொடுத்து இறுக்கி, பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் எதிரெதிராக வளைத்தான். எழுந்து வந்தவன் மறுபடி படுத்துத் தொட்டுப் பார்த்தான். பிறகு தேவிப்ரியாவை ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்து அசைவு இருக்கிறதா என்று பார்த்தான்.

"நான் ஓட்டிப் பாத்துட்டு வாரேன். யாரும் ஏற வேணாம்" என்றான்.

சந்தோஷ் கடலைத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நானும் வாரேன்."

"வேணாம்ணே."

"வாரேன்னு சொல்றேன்ல."

ரஞ்சிதா தடுக்க வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, விலகி வழிவிட்டாள்.

ஆலங்குடிப் பக்கமாகத் திருப்பி ஓட்டினான். முப்பது, நாற்பது. நேர் ரோடு வந்ததும் அறுபது. முன்பு உதறல் எடுக்கிற வேகம் அது. சந்தோஷ் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். எழுபது. பாலத்துக்கு முன்னால் தார் பெயர்ந்த பள்ளம் ஒன்று வந்தது, ரிஃபாய் ஒதுங்காமல் அதில் இறக்கினான். வண்டி ஒரு முறை ஏறி இறங்கியது, நேராகப் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டியரிங் அவன் கைக்குள் அசையாமல் நின்றது.

சந்தோஷ் கைப்பிடியை விட்டார்.

வம்பனை நெருங்கும்போது ரிஃபாயின் வலது கால் ஆக்சிலேட்டரின் மேல் தானாக நடுங்க ஆரம்பித்தது. தொடையை இறுக்கிப் பார்த்தான், நிற்கவில்லை. ஓரங்கட்டி நிறுத்தினான். இறங்கி நாலு எட்டு நடந்து, ஒரு வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு குமட்டினான். காலையில் சாப்பிட்டது எல்லாம் வந்தது.

சந்தோஷ் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவன் வாயைக் கொப்பளித்து, முகத்தைக் கழுவி, கொஞ்சம் குடிக்கும் வரை பக்கத்தில் நின்றார்.

"பஸ்ஸு கடந்துச்சுல்ல பாய்," என்றார். "அதுல ஜன்னலோரம் ஒரு சின்னப் பய டாட்டா காட்டுனான். எனக்கு அது மட்டுந்தான் திரும்பத் திரும்ப வருது."

ரிஃபாய் பாட்டிலை மூடிக் கொடுத்தான்.

"அங்கிட்டு உக்காருங்க. நான் ஓட்டுறேன்."

ரிஃபாய் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே ஏறி, சீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தார். ரிஃபாய் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறிப் பெல்ட்டை மாட்டினான்.

சந்தோஷ் வண்டியைத் திருப்பினார். மனைவியும் மகளும் நின்ற இடத்தை நோக்கி, பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனபோதும் முப்பதுக்கு மேல் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டு போனார்.