கூடமாட ஒரு ஹெல்ப்

1

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். எழுத்தில்தான் சொல்கிறேன், ஆனாலும் நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் எனக்கு வாய் வரும்.

இது எங்கே பிடித்த கதை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சலவைக் கடையில் என் கம்பளிக்காகக் காத்திருந்தேன். கடைக்காரர் யாரோ ஒருவரிடம் தன் மனைவியைக் காட்டி, "இவங்க சும்மா, கூடமாட ஒரு ஹெல்ப்" என்றார். அந்த அம்மாள் அப்போது ஒரு கையால் துணி வாங்கிக்கொண்டு, மறு கையால் ரசீது கிழித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமலே பின்னறையில் இஸ்திரி போடுகிறவரிடம் சூட்டைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கம்பளியை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "ஒரு சலவைக் கடையில் ஒரு தியாகச் சுடர் எரிந்து—"

(வேண்டாம். தியாகம் என்று எழுதிவிட்டால் கடைக்காரர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.)

இரண்டாவது: "கடைக்காரர் கொடுமைக்காரர். அவர்—"

(இதுவும் வேண்டாம். அவர் கை நீட்டினதில்லை, குரல் உயர்த்தினதில்லை. மனைவிக்குத் தலைவலி என்றால் மாத்திரை வாங்கி வருவார். கெட்டவனை வைத்துக் கதை எழுதுவது சுலபம். இந்த நல்ல மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?)

3

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நமக்கு 'உதவி' என்று ஒன்று இருந்தது, இருக்கிறது. ஆனால் உதவி வாங்கினவன் கொஞ்சம் தலை குனிய வேண்டும், நாளைக்கு நினைத்துப் பார்க்க வேண்டும். அதெல்லாம் யாருக்கு முடியும்? அதனால் ஹெல்ப் வந்தது. வாங்கிக்கொண்டு, ஒரு தேங்க்ஸைத் தட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போகலாம்.

ஆண்பிள்ளை வீட்டில் ஒரு துண்டை மடித்து வைத்தால் அது ஹெல்ப், தெருவுக்கே தெரியும். பெண்பிள்ளை ஒரு கடையையே நடத்தினால் அதுவும் ஹெல்ப். பக்கத்தில் நிற்கிற புருஷனுக்கே தெரியாது. அங்கே ஊதிப் பெருக்குகிற அதே சொல் இங்கே கசக்கிச் சிறிதாக்குகிறது. நல்ல சாமர்த்தியம்.

(இதைத் தட்டச்சு செய்துதருகிற என் மகன் இந்த இடத்தில் நிறுத்தினான். "நான்கூட வீட்டில ஹெல்ப் பண்றேனேம்மா, அதையும் ஒரு வரி எழுதேன்" என்றான். நேற்று அவன் ஒரு தம்ளரைக் கழுவினான். அவன் மனைவி அதை மறுபடியும் கழுவினாள்.)

4

இனி கதை. கடை நன்றாக ஓடியது. நன்றாக ஓடுகிற கடைக்கு ஒரு மேனேஜர் வேண்டும் என்று கடைக்காரருக்குத் தோன்றியது. அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிர்வாகம் படித்தவன், கழுத்துப்பட்டி கட்டினவன். முன்மேசை நாற்காலி அவனுக்குப் போனது. அந்த நாற்காலியில் இத்தனை காலம் உட்கார்ந்தவள் அவள். அதன் ஆடுகிற காலுக்கு அட்டை மடித்துச் செருகியவளும் அவள்.

"நீ இனிமே ரெஸ்ட் எடு. மனசிருந்தா எப்பவாவது வந்து ஹெல்ப் பண்ணு," என்றார் கடைக்காரர். அன்பாகத்தான் சொன்னார்.

அவளுக்கு வேண்டியது அந்த நாற்காலி ஒன்றுதான். ஆனால் கேட்டு வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. அது அவளுடைய இடம் என்று அவருக்கே தெரிய வேண்டாமா?

5

மறுநாள் கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். என்ன அங்கே உட்கார்ந்துவிட்டாய் என்று கடைக்காரர் கேட்டார்.

"ஹெல்ப்புக்கு வந்திருக்கேங்க. என்ன வேணும்னு சொல்லுங்க, செய்யறேன்."

அவர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கம்பியில் துணிகள் எண் வரிசையில் தொங்கவில்லை. யார் எப்போது வருவார்கள் என்ற வரிசையில் தொங்கின. அந்த வரிசை அவள் தலைக்குள் இருந்தது. பச்சைக் கோட்டை எடு என்றால் எடுத்துக் கொடுத்தாள். திரும்பவும் பெஞ்சுக்குப் போனாள். சாயம் போகிற திரைச்சீலையை வெள்ளையோடு சேர்த்துப் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பல் டாக்டரின் கோட்டு ரோஜா நிறமாகிவிட்டது. (ஈறுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு வரி எழுதி அடித்தேன். பிறகு மனசு கேட்காமல் திரும்ப எழுதினேன்.) டாக்டருக்கு வேறு கோட்டுகள் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

6

இதுவரை சிரித்தோம். இப்போது கத்தரிக்கோல் வருகிறது.

பார்வையில்லாத ஒரு வரலாற்று வாத்தியார் வாராவாரம் சட்டைகளைக் கொண்டுவந்து போடுவார். அவர் சட்டைகளில் காலருக்கு உள்ளே நூல் முடிச்சுகள் இருக்கும்: வெள்ளைக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு, கட்டம் போட்டதற்கு மூன்று. அவர் கேட்காமலே அவள் போட்டவை. அதிலிருந்து அவர் காலையில் யாரையும் கூப்பிட்டு, "இது என்ன கலர்?" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேனேஜர் ஒரு சட்டையைப் புரட்டிப் பார்த்தான்.

"என்ன சித்தப்பா, காலரெல்லாம் பிசிறு. இதான் நம்ம ஃபினிஷிங்கா?"

கத்தரித்தான். முதல் முடிச்சு தரையில் விழுந்தது. கடைக்காரர் பூரித்துப்போய்த் தலையாட்டினார். அவன் அடுத்த சட்டையை எடுத்தான்.

பெஞ்சில் இருந்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்த் தடுத்தால் ஆயுள் முழுக்க ஹெல்ப்தான். உட்கார்ந்திருந்தால் நாளைக்கு வாத்தியார் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் நிற்பார்.

7

முடிவு ஒன்று, என் மகன் கேட்டது: கடைக்காரருக்கு உறைக்கிறது. கண் கலங்குகிறது. நாற்காலியைத் துடைத்து, "நீதான் எல்லாம்" என்று—

(அடித்துவிட்டேன். 'நீதான் எல்லாம்' என்பது இன்னொரு ஹெல்ப்.)

முடிவு இரண்டு: அவள் அசையவில்லை. முடிச்சுகள் ஒவ்வொன்றாக—

(எழுத வரவில்லை. புருஷனுக்கு உறைக்க வாத்தியாரின் சட்டையா கிடைத்தது?)

முடிவு மூன்று. எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து கத்தரிக்கோலை அவன் கையிலிருந்து வாங்கினாள். "எந்திரிப்பா" என்றாள். எழுந்துவிட்டான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, விழுந்த முடிச்சைப் புதிதாகப் போட்டாள். கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தாள். அது எதற்கு என்று இரண்டே வரியில் சொன்னாள். கடைக்காரருக்கு முகம் வெளுத்தது.

"நல்லவேளை, சமயத்துல ஹெல்ப் பண்ணின" என்றார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்து,

"

இதற்கு மேல் எழுத மாட்டேன். நான் எழுதினால் அருமையான கதை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். இன்று நீங்கள் சாப்பிட்ட தட்டை யார் கழுவினார்களோ, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை அந்த மேற்கோள் குறிக்குப் பக்கத்தில் எழுதி, நீங்களே மூடிவிடுங்கள்.

(மகன் எழுந்து உள்ளே போனான். பாத்திரச் சத்தம் கேட்கிறது. கழுவினேன் என்று என்னிடம் வந்து சொல்லாமல் இருந்தானானால் அவனை நம்பலாம்.)

நன்றாக இருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். செய்கிற வேலைக்கு உங்கள் வீட்டில் வேலை என்றே பேர் இருக்கட்டும். அவரவர் நாற்காலியில் அவரவர் காலை நீட்டி உட்காரட்டும்.